ஆரோனின் உடுப்பும் நம்முடைய அங்கியும்: இஞ்சிவிளைக்காரர் போட்ட கேள்வி

கேள்வி, ஜூன் 3
(இஞ்சிவிளையிலிருந்து ஒரு வாசகர்)

எங்கள் ஜெபக்கூட்டத்தில் யாத்திராகமம் 28, அதாவது மோசேயின் அண்ணனும் முதல் பிரதான ஆசாரியனுமான ஆரோனுக்கு உடுப்பு செய்யச் சொல்லும் அதிகாரம், ஓடிக்கொண்டிருக்கிறது. ஏபோத்து (தோளிலிருந்து தொங்கும் மேலுடை), மார்ப்பதக்கம், அங்கி ஓரத்து மணி, மாதுளம்பழம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆவிக்குரிய அர்த்தம் சொல்கிறார்கள். நீலம் என்றால் வானம், சிவப்பு என்றால் இரத்தம், மணி என்றால் அந்நியபாஷை. என்னைக் கேட்டால் இதெல்லாம் சிலுவையோடு முடிந்துபோன காரியம். இன்றைக்கும் அங்கி மாட்டிக்கொண்டு பீடத்தில் நிற்கிறவர்கள் ஆரோனிடம் திரும்பிப் போகிறார்கள். வெள்ளைச் சட்டையும் வெள்ளை வேட்டியும் போதாதா? போதாது என்பவர்கள் வசனத்தோடு வாருங்கள்.

ஜூன் 3, இரவு

வசனத்தோடு வருகிறேன். அதற்கு முன்னால் தொழிலைச் சொல்லிவிடுவது நியாயம். பாறசாலைப் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். போதகர்மார் அங்கி, பாடகர் குழு அங்கி, கழுத்தில் தொங்கும் ஸ்டோல், பீடத்து விரிப்பு எல்லாம் தைத்துக் கொடுப்பேன். அங்கி ஒழிந்தால் என் அடுப்பு பாதி அணைந்துவிடும். அதை மனதில் வைத்தே என்னைப் படியுங்கள்.

அண்ணன் இரண்டு வேறு சரக்கை ஒரே பொட்டலமாகக் கட்டிவிட்டார். நம்முடைய போதகர்கள் போடும் அங்கி ஆரோனிடமிருந்து வரவில்லை. நீள வெள்ளை அங்கி, ரோமர் காலத்தில் எல்லாரும் போட்ட உள்சட்டையின் வாரிசு. கத்தோலிக்கக் குருக்கள் பூசைக்கு மேலே போடும் விரிந்த உடை, அந்தக் காலத்தில் மழைக்கும் பயணத்துக்கும் போர்த்திய மேலாடையிலிருந்து வந்தது. ஊரார் பாணியை மாற்றிக்கொண்டார்கள், சபை பழையதை விடவில்லை, அவ்வளவுதான் கதை. லேவியராகமத்தோடு இழைக்கு இழை பொருத்திப் பார்த்தது பிற்காலத்தவர்கள். ஆகவே அங்கி போடுகிறவரை 'ஆரோனிடம் திரும்பினான்' என்று பிடிக்க முடியாது. 'பழைய ரோமாபுரிக் கடைத்தெருவுக்குத் திரும்பினான்' என்று வேண்டுமானால் பிடிக்கலாம்.

வெள்ளை வேட்டிக்கும் ஒரு வார்த்தை. ஞாயிறு காலையில் பாறசாலை ஜங்ஷனில் நின்று பாருங்கள். வெள்ளை உடுப்பு, நகை இல்லாத கழுத்து, கையில் பெரிய வேதப்புத்தகம். யார் எந்தச் சபைக்குப் போகிறார்கள் என்று பஸ் கண்டக்டருக்கே தெரியும். அதுவும் சீருடைதான். தையல் கூலி குறைவு.

மற்ற கேள்விக்கு, அதாவது யாத்திராகமம் 28 நமக்கு என்ன சொல்கிறது என்பதற்கு, நாளைக்கு வருகிறேன். கரண்ட் போய்விட்டது.

ஜூன் 4

அந்த அதிகாரத்தைப் பிரசங்கிக்கிறவர்கள் இரண்டாம் வசனத்திலிருந்து நான்காம் வசனத்துக்குத் தாவிவிடுவார்கள். இரண்டாவதில் 'மகிமையும் அலங்காரமும்', நான்காவதில் உடுப்புகளின் பட்டியல்: மார்ப்பதக்கம், ஏபோத்து, அங்கி, விசித்திரமான உள்சட்டை, பாகை, இடைக்கச்சை. நடுவில் மூன்றாவது ஒன்று இருக்கிறது. அதை நின்று படிக்கிறவர் அபூர்வம். ஞானத்தின் ஆவியால் தேவன் நிரப்பியவர்களோடு பேசி இந்த உடுப்புகளைச் செய்விக்கச் சொல்கிறது அந்த வசனம்.

இந்த அதிகாரத்தில் ஆவியால் நிரப்பப்பட்டவர்கள் யார்? ஆரோன் இல்லை. தையல்காரர்கள்!

பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்கும்தான். ஆனால் விஷயம் இருக்கிறது. 31ஆம் அதிகாரத்தில் பெசலெயேல் பெயரைச் சொல்லி தேவ ஆவியால் நிரப்பினேன் என்கிறார், அகோலியாபைத் துணைக்குக் கொடுக்கிறார். 35ஆம் அதிகாரத்தில் பெண்கள் தங்கள் கைகளால் இளநீலமும் இரத்தாம்பரமும் சிவப்பும் நூற்றுக் கொண்டுவருகிறார்கள். பிரதான ஆசாரியன் பரிசுத்த ஸ்தலத்தில் நின்றபோது அவன் உடம்பில் இருந்தது முகம் தெரியாத எத்தனையோ பெண்களின் கைவேலை. பரிசுத்தம் ஆசாரியனிடமிருந்து துணிக்கு இறங்கியது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கதையின் வரிசைப்படி பார்த்தால் நூற்றவர்களும் நெய்தவர்களும்தான் முந்தி. ஆரோன் கடைசியில் வந்து மாட்டிக்கொண்டார்.

ஜூன் 4, சாயங்காலம்

பொன்னை எப்படி நெய்ய முடியும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். யாத்திராகமம் 39:3ஐப் பாருங்கள். பொன்னை மெல்லிய தகடாக அடித்து, அதைச் சரிகையாக நறுக்கி, நீலம், சிவப்பு நூல்களோடு சேர்த்து நெய்தார்கள். நம் பக்கத்தில் பாலராமபுரம் இருக்கும்போது இது மாயமாகத் தோன்ற வேண்டியதில்லை. அங்கே கசவு (ஜரிகை) நெய்கிற சாலியர்கள் 200 வருடத்துக்கு முன்பு பாலராமவர்மா மகாராஜா காலத்தில் தமிழ்ப் பக்கத்திலிருந்து கூட்டிவரப்பட்ட குடும்பங்கள். இப்போதைய கசவு நூல் பட்டு இழையில் வெள்ளி சுற்றிப் பொன் முலாம் ஏற்றியது. பெசலெயேல் நறுக்கியது சுத்தப் பொன். ஒரு பாலராமபுரத்து நெசவாளியிடம் இந்த வசனத்தை வாசித்துக் காட்டினேன். 'தகட்டை நறுக்கினால் ஓரம் கையை அறுக்குமே' என்றார். எந்த விளக்கவுரையிலும் நான் பார்க்காத குறிப்பு.

ஜூன் 6

இப்போது என்னுடைய பதில்.

நிறங்களை ஒதுக்கி வையுங்கள். நீலம் வானமா கடலா என்பதற்கு வசனம் எதுவும் சொல்லவில்லை. எபிரெயர் நிருபத்தைப் பாருங்கள். பிரதான ஆசாரியனைப் பற்றி அத்தனை அதிகாரம் எழுதியவர் கூடாரம், திரை, இரத்தம், உடன்படிக்கைப் பெட்டி எல்லாம் பேசுகிறார். உடுப்பைப் பற்றி ஒரு வரி கிடையாது. பெட்டியைப் பற்றிக்கூட 'விவரமாய் இப்பொழுது சொல்லவேண்டுவதில்லை' என்று 9:5இல் கடந்துபோகிறார். அவரே தொடாததில் நாம் மாதுளம்பழத்துக்கு எத்தனை விதை என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

வசனமே காரணம் சொல்கிற இடங்கள் சில உண்டு. அங்கே நிற்கலாம். முதல் இடம் தோள். இரண்டு கோமேதகக் கற்கள், ஒவ்வொன்றிலும் ஆறு பெயர், பிறந்த வரிசைப்படி. அவற்றைத் தோளின்மேல் சுமக்க வேண்டும், ஞாபகக்குறியாக. இரண்டாவது இடம் நெஞ்சு. ஒரு சாண் நீளம், ஒரு சாண் அகலம், இரட்டையாக மடித்த சதுரம். நாலு வரிசையில் பன்னிரண்டு கல், கல்லுக்கு ஒரு பெயர். ஆரோன் உள்ளே போகும்போதெல்லாம் அந்தப் பெயர்களைத் 'தன் இருதயத்தின்மேல்' கொண்டுபோக வேண்டும். இரண்டையும் பொன் சங்கிலியாலும் நீல நாடாவாலும் இணைத்து, பதக்கம் ஏபோத்தைவிட்டு நீங்காதபடி கட்டச் சொல்கிறது 28ஆம் வசனம்.

ஒரு உடுப்பில் யாருடைய பெயர் இருக்கும்? என் கடைக்கு வரும் அங்கிகளில் பெரும்பாலும் போடுகிறவரின் முதலெழுத்து காலருக்குள் இருக்கும், வெளுக்கப் போடுகிறபோது மாறிவிடக் கூடாது என்பதற்காக. ஆரோன் உடுப்பில் ஆரோன் பெயர் எங்கேயும் இல்லை. நெற்றித் தகட்டில் கர்த்தரின் பெயர். தோளிலும் நெஞ்சிலும் மற்றவர்கள் பெயர்.

யார் அந்த மற்றவர்கள்? ரூபன் தகப்பன் படுக்கையைத் தீட்டுப்படுத்தியவன். சிமியோனும் லேவியும் சீகேம் பட்டணத்தை வெட்டிச் சாய்த்தவர்கள். யூதா, தாமார் விஷயத்தில் தலைகுனிந்தவன். அண்ணன்மார் சேர்ந்து விற்ற யோசேப்பு பெயரும், விற்றவர்கள் பெயரும் ஒரே பதக்கத்தில் பக்கத்துப் பக்கத்துக் கல்லில். தகுதி பார்த்துப் பெயர் வெட்டவில்லை, தோள் கற்களில் பிறந்த வரிசைதான்.

கிறிஸ்தவனுக்கு இதில் என்ன என்றால், எனக்குத் தெரிந்த அளவில் இதுதான்: எபிரெயர் 7:25 சொல்கிற, நமக்காக வேண்டுதல்செய்ய எப்போதும் உயிரோடிருக்கிற அந்த ஆசாரியர் நம் பெயரைச் சுமந்துகொண்டு நிற்கிறார். தோள் பலத்துக்கு, நெஞ்சு பிரியத்துக்கு. பலம் இருந்தும் பிரியம் இல்லாத அதிகாரிகளை நாம் பார்த்திருக்கிறோம். பிரியம் இருந்தும் ஒன்றும் செய்ய முடியாத தாய்மாரையும் பார்த்திருக்கிறோம். இரண்டையும் சங்கிலி போட்டுக் கட்டியிருக்கிறார்கள் என்பதுதான் அந்த உடுப்பில் எனக்குப் பிடித்த வேலைப்பாடு.

ஜூன் 7

மணியைப் பற்றி மூன்று பேர் எழுதிவிட்டார்கள். மூன்று பேருமே கயிற்றுக் கதையைச் சொல்கிறார்கள். பிரதான ஆசாரியன் மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகும்போது காலில் கயிறு கட்டுவார்கள், மணிச் சத்தம் நின்றுவிட்டால் செத்துப்போனான் என்று அர்த்தம், வெளியிலிருந்து இழுத்துவிடுவார்கள். கன்வென்ஷன் பந்தலில் இந்தக் கதையைக் கேட்காதவர் நம் எல்லையில் யாரும் இருக்க முடியாது. நானும் சிறு வயதில் கேட்டுப் பயந்திருக்கிறேன்.

வேதத்தில் கயிறு இல்லை. முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ் எழுதியதிலும் இல்லை. 13ஆம் நூற்றாண்டில் வெளிப்பட்ட சோகார் என்ற யூத மறைஞான நூலில்தான் வருகிறது. ஆலயம் இடிந்து ஆயிரம் வருடத்துக்கும் மேல் ஆன பிறகு!

அதைவிடப் பெரிய சிக்கல் லேவியராகமம் 16இல் இருக்கிறது. வருடத்துக்கு ஒருநாள், பாவநிவாரண நாளில், மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகும்போது ஆரோன் அந்தப் பொன் உடுப்பைப் போடவே கூடாது. சணல்நூல் சட்டை, சணல்நூல் சல்லடம் (உள்ளே போடும் அரைக்கால் உடுப்பு), சணல்நூல் இடைக்கச்சை, சணல்நூல் பாகை. நாலே உருப்படி, எல்லாம் வெள்ளை. மணி தைத்த நீல அங்கி வெளியிலேயே கிடக்கும். அப்புறம் எந்த மணி ஒலிக்க, எந்தக் கயிற்றை இழுக்க?

இஞ்சிவிளை அண்ணனுக்கு இது சாதகமான பாயின்ட். மிக உள்ளே போகும் நாளில் வெள்ளைதான். எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 7, பிற்பாடு

பாயின்டைக் கொடுத்ததும் அவர் கொடி ஏற்றிவிட்டார். 'தேவனுக்கே வெள்ளைதான் பிடிக்கும்' என்கிறார். பொறுங்கள் அண்ணே. அதே 16ஆம் அதிகாரம் 23, 24ஆம் வசனங்களைப் படியுங்கள். வெள்ளையை அங்கேயே கழற்றி வைத்துவிட்டுக் குளித்து, தன் வஸ்திரங்களை உடுத்திக்கொண்டு வெளியே வர வேண்டும். ஜனத்தின் முன்னால் மறுபடி பெயர்கள் எழுதின உடுப்பு. வெள்ளை அணிந்துகொண்டு தெருவில் நடக்கச் சொல்லவில்லை.

ஜூன் 10

நெய்யாற்றின்கரையிலிருந்து ஒரு தம்பி: 'உடுப்பெல்லாம் வெளித்தோற்றம். கர்த்தர் இருதயத்தைப் பார்க்கிறார், 1 சாமுவேல் 16:7. இதைப் பேசி ஏன் நேரம் கழிக்கிறீர்கள்?'

தம்பி, உடுக்க விடாமல் யாரும் தடுக்காதவர்கள் சொல்கிற வார்த்தை இது. நீ இருக்கும் மண்ணில் உடுப்பு வெளித்தோற்றமாக இருந்ததில்லை.

திருவிதாங்கூரில் நம் பாட்டிமார் மார்பை மூடினால் அடி விழுந்த காலம் இருந்தது. கர்னல் மன்றோ இங்கே ரெசிடென்டாக, அதாவது ஆங்கிலேயரின் பிரதிநிதியாக, இருந்த நாட்களில் கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் (சட்டை) போட்டுக்கொள்ள அனுமதி வந்தது. பிறகு தோள்சீலை (தோளில் போடும் மேல்துணி) போட்ட பெண்களைச் சந்தையில் பிடித்துத் துணியைக் கிழித்தார்கள், பள்ளிக்கூடங்களையும் ஜெபவீடுகளையும் எரித்தார்கள். 1829இல் ராணியின் அரசு போட்ட உத்தரவு குப்பாயம் சரி, தோளில் போடும் மேல்துணி கூடாது என்றது. சண்டை ஓயவில்லை. 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மகாராஜா இன்னொரு அறிவிப்புப் போட்டார். சாணார் (இன்றைய நாடார்) பெண்கள் கிறிஸ்தவப் பெண்கள் போலச் சட்டை போடலாம், மீன்பிடிக்கிற முக்குவப் பெண்கள் போல முரட்டுத் துணி கட்டலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி மட்டும் உடுத்தக் கூடாது. அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் முழு விஷயமும் இருக்கிறது. உடம்பை மூடலாம், மரியாதையாக மூடக் கூடாது.

இப்போது யாத்திராகமம் 28ஐத் திரும்பப் படி. 42ஆம் வசனத்தில் இடுப்பு முதல் தொடை வரை மறைக்கும் சல்லடம். இது கூச்சத்தை மறைக்க. இரண்டாம் வசனத்தில் மகிமையும் அலங்காரமும். இந்த இரண்டையும் ஒரே அதிகாரத்தில் ஒரே வாயால் கொடுத்திருக்கிறார். அதுவும் யாருக்கு? முந்தாநாள் வரை எகிப்தில் செங்கல் மிதித்த அடிமைக் கூட்டத்துக்கு. 40ஆம் வசனத்தைப் பார்: ஆரோனின் பிள்ளைகளுக்கும், அதாவது சாதாரண ஆசாரியருக்கும், அதே 'மகிமையும் அலங்காரமும்'. தலைவனுக்கு மகிமை, மற்றவனுக்கு முரட்டுத்துணி என்று பிரிக்கவில்லை.

என் பாட்டியின் அம்மா ஞாயிறு உடுப்பைத் தனிப் பெட்டியில் வைத்திருந்ததாகச் சொல்வார்கள். வாரநாளில் தோட்ட வேலை, ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையும் தோளில் மடித்துப் போட்ட கவிணித் துணியும். வெளித்தோற்றம்தான்; இல்லை என்று சொல்லவில்லை. அந்தத் தோற்றத்துக்காக அவர்கள் அடி வாங்கியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்.

ஜூன் 11

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், 'அது சாதிப் பிரச்சினை, இதோடு ஏன் முடிச்சுப் போடுகிறீர்கள்' என்கிறார். முடிச்சு ஏற்கெனவே இருக்கிறது. ஜோசபஸ் எழுதியதைக் கேளுங்கள்.

பிரதான ஆசாரியனின் உடுப்பு ஏரோது காலத்திலிருந்து எருசலேம் ஆலயத்தை ஒட்டிய அந்தோனியா கோட்டையில் பூட்டிவைக்கப்பட்டிருந்தது. பிறகு ரோமர் அந்தச் சாவியை எடுத்துக்கொண்டார்கள். பண்டிகைக்கு முன்னால் போய் வாங்கி, சுத்திகரித்துப் போட்டுக்கொண்டு, முடிந்ததும் திருப்பி ஒப்படைக்க வேண்டும். அடகு வைத்த தாலிச் சங்கிலியைக் கல்யாணத்துக்கு இரவல் வாங்கிப் போட்டுவிட்டு மறுநாள் சேட்டுக் கடையில் கொடுப்பது மாதிரி. கி.பி. 36, 37 வாக்கில் சீரியாவின் ஆளுநர் விட்டெல்லியஸ் உடுப்பை ஆசாரியரிடமே விட்டுவிட்டார். சில வருடம் கழித்து பாதுஸ் என்ற அதிகாரி மறுபடி கோட்டைக்குக் கொண்டுபோகச் சொல்ல, யூதர்கள் ரோமாபுரிக்கே தூதனுப்பினார்கள். கிலவுதியு இராயன் அவர்களுக்குச் சாதகமாக எழுதிக் கொடுத்தார்.

ஆக, யார் என்ன உடுக்கலாம் என்று சொல்கிற சாவி எப்போதும் அரசாங்கத்தின் இடுப்பில்தான் தொங்கியிருக்கிறது. இயேசுவை விசாரித்தபோது பிரதான ஆசாரியன் காய்பா தன் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டான் இல்லையா? பிரதான ஆசாரியன் வஸ்திரத்தைக் கிழிக்கக் கூடாது என்று லேவியராகமம் 21:10 சொல்கிறது. அன்று ராத்திரி அவன் போட்டிருந்தது ஆலய உடுப்பாக இருந்திருக்க வாய்ப்பில்லை, அது கோட்டையில் இருந்திருக்கும். ஆனாலும் சிலுவையடியில் சேவகர்கள் இயேசுவின் அங்கியைக் கிழிக்கவில்லை, சீட்டுப் போட்டார்கள். யோவான் அந்த அங்கி தையலில்லாமல் மேலிருந்து முழுவதும் நெய்யப்பட்டது என்று எடுத்துச் சொல்கிறார். ஆசாரியனின் நீல அங்கியும் தையலில்லாமல் நெய்யப்பட்டதென்று ஜோசபஸ் எழுதியிருக்கிறார். யோவான் அதை நினைத்துத்தான் எழுதினாரா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். தையல்காரன் கண்ணுக்கு அந்த வரி சும்மா கடந்துபோகிற வரி இல்லை.

ஜூன் 11, கடை மூடும் நேரம்

கழுத்து. அதை விட்டுவிட்டேன். அந்த நீல அங்கியின் தலை நுழைகிற துவாரத்தைச் சுற்றி, கிழியாதபடி கெட்டியான ஓரம் நெய்யச் சொல்கிறது 32ஆம் வசனம். எந்த அங்கியும் முதலில் கிழிவது அங்கேதான். அவசரமாகத் தலையை விடுவார்கள், டர்ரென்று போகும். நான் உள்ளே பட்டை கொடுத்து இரட்டைத் தையல் அடிப்பேன். சீனாய் மலையில் கர்த்தர் இதையும் நினைத்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார் என்பதற்கு ஆவிக்குரிய அர்த்தம் யாராவது கண்டுபிடித்தால் எழுதுங்கள். எனக்கு அது நல்ல தையல் என்பதே போதும்.

ஜூன் 14

இரண்டாம் யோசனை ஒன்று. ஆறாம் தேதி எழுதியதில் கிறிஸ்துவே ஆசாரியர் என்று முடித்திருந்தேன். உண்மைதான், ஆனால் அது நமக்குச் சௌகரியமான இடத்தில் நின்றுவிடுகிறது. பெயரைச் சுமப்பது அவர் வேலை, நமக்கு வேலை இல்லை என்று ஆகிவிடும். 1 பேதுரு 2:9 நம் எல்லாரையும் 'ராஜரீகமான ஆசாரியக்கூட்டம்' என்கிறது. கூட்டம் முழுக்க ஆசாரியர் என்றால் உடுப்பும் கூட்டம் முழுக்க இருக்க வேண்டும்.

பழைய ஏற்பாட்டிலேயே அதற்கு ஒரு இழை இருக்கிறது. எண்ணாகமம் 15:38. இஸ்ரவேலர் எல்லாரும் தங்கள் வஸ்திரங்களின் ஓரத்தில் தொங்கல் வைத்து, அதில் இளநீல நாடா கட்ட வேண்டும். ஆரோனின் அங்கி முழுக்க எந்த நீலமோ அதே நீலத்தில் ஒரு நாடா, ஆடு மேய்க்கிறவன் உடுப்பிலும். கடல் சங்கிலிருந்து எடுக்கும் அந்தச் சாயம் விலை கூடியது, அதனால் ஒரு நாடா. பெரும்பாடுள்ள ஸ்திரீ இயேசுவின் வஸ்திரத்து ஓரத்தைத் தொட்டாளே, அவள் விரல் பட்டது அந்தத் தொங்கலில்தான் என்று பல வேத அறிஞர்கள் சொல்கிறார்கள்.

பவுலும் உடுப்பைப் பற்றி எழுதும்போது எல்லாருக்கும்தான் எழுதுகிறார். ஞானஸ்நானம் பெற்ற நீங்கள் கிறிஸ்துவைத் தரித்துக்கொண்டீர்கள், கலாத்தியர் 3:27. உருக்கமான இரக்கத்தையும் தயவையும் மனத்தாழ்மையையும் தரித்துக்கொள்ளுங்கள், கொலோசெயர் 3:12. இங்கே பிரதான ஆசாரியனுக்குத் தனி அளவு, மற்றவனுக்குத் தனி அளவு என்று இல்லை.

சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு சபையில் (எது என்று கேட்காதீர்கள்) புதுப் போதகருக்கு ஸ்டோல் தைக்க என்னைக் கூப்பிட்டார்கள். கமிட்டியில் பொன் ஜரிகை ஓரம் அரை அங்குலமா ஒரு அங்குலமா என்று பெரிய வாக்குவாதம். கூட்டம் முடியும் வரை வாசலில் கோயில்பிள்ளை குடையில்லாமல் நின்றுகொண்டிருந்தார், கதவைப் பூட்ட வேண்டுமே. அவர் சட்டைக்கு நான் அதற்கு முன்பு ஒட்டுப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அந்த அறையில் யாருக்காவது அவர் வீட்டுப் பிள்ளைகள் பெயர் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆர்டர் போயிருக்கும். ஒரு அங்குல ஜரிகை தைத்தேன். கூலியில் பாதி இன்னும் பாக்கி.

ஜூன் 17

கத்தோலிக்க நண்பர் ஒருவர் (வல்லார்பாடத்திலிருந்து நம் பக்கம் பெண் எடுத்தவர்) நல்ல கேள்வி கேட்டார். அங்கி தேவையில்லையென்றால் நீங்கள் தைப்பதை நிறுத்துவீர்களா?

அங்கி தேவையில்லை என்று நான் சொல்லவில்லையே சேட்டா. அதற்கு நான் கண்ட நன்மை ஒன்று உண்டு. போதகர் கடைத்தெருவில் யார், எத்தனை ஏக்கர் ரப்பர், எந்தக் கடையில் எடுத்த சட்டை என்பதை அது மூடிவிடுகிறது. வசதிக்காரப் போதகரும் வசதியில்லாதவரும் ஒரே வெள்ளையில் வந்து நிற்பார்கள். ஆளை மறைக்கும் அளவுக்கு அங்கி நல்லது. ஆளை உயர்த்த ஆரம்பித்தால் கத்தரிக்கோல் எடுக்க வேண்டியதுதான்.

கழற்றுகிற விஷயத்தையும் பேசியாக வேண்டும். எண்ணாகமம் 20இன் கடைசி. ஓர் என்னும் மலையின்மேல் சபையார் எல்லாரும் பார்க்க மோசே ஏறிப்போகிறார், ஆரோனும் எலெயாசாரும் கூட. மோசே ஆரோனுடைய வஸ்திரங்களைக் கழற்றி மகனுக்கு உடுத்துகிறார். ஆரோன் அங்கேயே சாகிறார். உடுத்திவிட்டவரும் மோசேதான், லேவியராகமம் 8இல். கழற்றியவரும் அவரே. ஆரோன் தானாக மாட்டவும் இல்லை, தானாகக் கழற்றவும் இல்லை. அந்த உடுப்பு அவர் வீட்டுப் பெட்டிக்குப் போகவில்லை, கல்லறைக்கும் போகவில்லை. பெயர்கள் அடுத்த தோளுக்கு மாறின. ஓய்வு பெற்ற பிறகும் பீடத்துக் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறவர்கள் எல்லாச் சபையிலும் உண்டு. அவர்கள் இந்தப் பகுதியை யாரைக்கொண்டு படிக்கச் சொல்கிறார்களோ!

ஜூன் 18

சிறு குறிப்புகள், கேட்டவர்களுக்கு.

செருப்பு: பட்டியலில் இல்லை. ஆசாரியர் வெறுங்காலோடு ஊழியம் செய்தார்கள் என்பதே யூத மரபு. நம் கோயில்களில் செருப்பை வாசலில் விடுகிறவர்கள் இதைச் சொல்லி மகிழலாம்.

ஆட்டு மயிரும் சணலும் கலந்த துணி உடுக்காதே என்று உபாகமம் 22:11 சொல்கிறதே, ஆசாரியன் உடுப்பில் மட்டும் எப்படி என்று கேட்டவருக்கு: சாயம் ஏற்றிய நூல்கள் ஆட்டு மயிர், வெள்ளை சணல், இரண்டும் அங்கே கலந்தன. அந்தக் கலப்பு ஆசாரியருக்கென்று ஒதுக்கப்பட்டதால்தான் மற்றவர்களுக்குத் தடை என்று ஜோசபஸ் விளக்குகிறார்.

வியர்வை: எசேக்கியேல் 44:18, வேர்வை உண்டாக்கும் எதையும் அரையில் கட்டக் கூடாது. ஏப்ரல் மாதத்தில் டெரிகாட்டன் அங்கி, உள்ளே லைனிங், கழுத்தைப் பிடிக்கும் காலர் கேட்டு வருகிற போதகர்மாரிடம் இந்த வசனத்தைக் காட்டியிருக்கிறேன். சிரிப்பார்கள். பிறகு டெரிகாட்டனே எடுப்பார்கள், சுருங்காதாம்.

ஜூன் 21

இஞ்சிவிளை அண்ணன் இன்று கடைக்கே வந்துவிட்டார். வாதத்துக்கு இல்லை. அவர்கள் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகள் ஆரோன் நாடகம் போடுகிறார்களாம், மார்ப்பதக்கம் ஒன்று வேண்டும், எவ்வளவு ஆகும் என்று கேட்டார். 'சிலுவையோடு முடிந்துபோனது' என்று எழுதியவர்! கூலி வேண்டாம் என்றேன், ஆனால் தைப்பது பிள்ளைகள்தான் என்று சொல்லிவிட்டேன். மற்ற சபைகளும் கேட்கக்கூடும் என்பதால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

கெட்டியான துணி, ஒரு சாண் அகலம், இரண்டு சாண் நீளம். நடுவில் மடித்தால் சதுரம், உள்ளே பை மாதிரி இடம் கிடைக்கும். தேவனுடைய தீர்ப்பைக் கேட்க ஆசாரியன் வைத்திருந்த ஊரீம் தும்மீம் அங்கேதான். சாண் என்றால் போடப்போகிற பிள்ளையின் சாண், வாத்தியாருடையது வேண்டாம், பெரிதாகித் தொப்பையில் இடிக்கும். இணையத்தில் கிடைக்கும் வண்ணப் படத்தைப் பார்த்து எந்தக் கல் எந்த நிறம் என்று சண்டை போடாதீர்கள். அந்த எபிரெயக் கற்களில் பலவற்றை இன்ன கல்தான் என்று அறிஞர்களாலேயே உறுதியாக அடையாளம் காட்ட முடிவதில்லை. பெரிய கோட்டுப் பட்டன் பன்னிரண்டு போதும், என் கடையில் பழையது கிடக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள். பட்டனுக்குக் கீழே பெயரைப் பிள்ளைகளே எழுதட்டும். ரூபனில் தொடங்கினால் பெரிய எழுத்தாகப் போட்டு வருவார்கள், கடைசியில் பென்யமீனுக்கு இடம் இருக்காது. அதனால் நாலு வரிசைக்கும் முதலில் சாக்பீஸில் கோடு போட்டுவிடுங்கள்.